சத்தம் எந்த நிமிடத்தில் தொடங்குகிறது? புதிதாக வகுப்புக்குப் போகும் ஆசிரியர்களுக்கு

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் போன் செய்தால் பாடத்தைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. "பசங்க அடங்கவே மாட்டேங்கறாங்க, என்ன செய்யறது?" என்றுதான் கேட்கிறார்கள். ஆசிரியர் அறையில் இதற்குப் பல பதில்கள் தயாராக இருக்கும். முதல் மாதம் சிரிக்காதே, கையில் ஸ்கேல் வைத்துக்கொள், பேசுபவர் பெயரைப் போர்டில் எழுத வகுப்பு லீடரிடம் சொல், நடுவில் இரண்டு பேரை வெளியே நிறுத்து. நானும் ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் கணக்கு எடுக்கப் போன முதல் வருஷம் இதையெல்லாம் செய்தேன். ஏழாம் வகுப்பு, 38 பேர். அதட்டினால் இரண்டு நிமிடம் அமைதி, பிறகு பழைய சத்தம். மொத்த வகுப்பையும் எழுப்பி நிற்க வைத்தால் நின்றபடியே பேசினார்கள். மாலையில் தொண்டை கட்டி வீட்டுக்குப் போவேன்.

பதினான்கு வருஷம் வகுப்பில் நின்ற பிறகு எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். யார் சேட்டை செய்கிறான் என்று தேடுவதை விட்டு, எந்த நிமிடத்தில் சேட்டை தொடங்குகிறது என்று பாருங்கள். அநேகமாக அது பிள்ளைகளுக்குச் செய்ய வேலை எதுவும் இல்லாத நிமிடமாக இருக்கும், அல்லது கொடுத்த வேலை ஒரு சிலருக்குப் புரியாமல் போன நிமிடமாக இருக்கும்.

ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுப்பறைகளை வீடியோ எடுத்து ஆராய்ந்து 1970இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். வகுப்பு நன்றாக நடக்கும் ஆசிரியரும் திணறும் ஆசிரியரும் சேட்டை நடந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்று ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை என்றும், வித்தியாசமெல்லாம் அதற்கு முன்னால் அவர்கள் வகுப்பை நடத்திய விதத்தில் இருந்தது என்றும் அவர் கண்டார். எப்படித் தண்டிப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்த எனக்கு இது பெரிய நிம்மதியாக இருந்தது. அடிப்பது பற்றிப் பேச்சே வேண்டாம். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு உடலைத் தண்டிப்பதோடு மனதை வதைப்பதையும் சேர்த்தே தடுக்கிறது, அதாவது "நீயெல்லாம் எதுக்குடா வர்றே" என்று நாலு பேர் முன்னால் கேட்பதும் அதில் அடங்கும்.

முதலில் ஒரு வாரம் குறித்து வையுங்கள்

எதையும் மாற்றாதீர்கள். பாடக்குறிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில், ஒவ்வொரு பீரியட் முடிந்ததும், சத்தம் எப்போது கிளம்பியது, அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று ஒரே ஒரு வரி. பையன் பெயர் வேண்டாம், நேரமும் உங்கள் வேலையும் போதும். என் நோட்டில் அந்த வாரம் திரும்பத் திரும்ப வந்தவை இவை: போனில் வருகைப் பதிவு போட முயன்றபோது (நெட் கிடைக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும்), போர்டில் நீளமாக ஒரு கணக்கு எழுதியபோது, நோட்டு திருத்தித் திருப்பிக் கொடுத்தபோது, சீக்கிரம் முடித்தவர்கள் மற்றவர்களுக்காகக் காத்திருந்தபோது. இந்த நாலும் என் வேலை நடந்து பிள்ளைகளின் வேலை நின்றுபோன இடங்கள். உங்கள் நோட்டில் வேறு வரலாம். ஆனால் பட்டியல் கைக்கு வந்துவிட்டால் பயம் பாதி போய்விடும், ஏனென்றால் "இந்த வகுப்பே மோசம்" என்பது "இந்த நாலு இடத்தைச் சரிசெய்ய வேண்டும்" என்று ஆகிவிடுகிறது.

முதல் மூன்று நிமிடம்

பிள்ளைகள் உள்ளே வரும்போதே போர்டில் ஒரு கணக்கு இருக்க வேண்டும். தினமும் அதே மூலையில். யாரும் சொல்லாமலே ரஃப் நோட்டை எடுத்துப் போட ஆரம்பிக்க வேண்டும் என்பதுதான் வழக்கம். அந்த வழக்கம் ஊற எனக்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது, நடுவில் விட்டுவிடாதீர்கள். கணக்கு சுலபமாக இருப்பது முக்கியம். "ஒரு பேனா 7 ரூபாய், 50 ரூபாய்க்கு எத்தனை வாங்கலாம், மீதி எவ்வளவு?" இந்த அளவுதான். வகுப்பிலேயே கணக்கில் பலவீனமான பிள்ளையும் தொட்டுப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். கஷ்டமான கணக்கைக் கொடுத்தால் பத்துப் பேர் போடுவார்கள், மீதி இருபத்தெட்டுப் பேர் "இன்னைக்கும் நமக்கு இல்லை" என்று முதல் நிமிடத்திலேயே முடிவு கட்டிவிடுவார்கள். அப்புறம் 40 நிமிடம் அவர்களை இழுத்துப் பிடிக்க முடியாது.

அவர்கள் போட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் வருகைப் பதிவை முடித்துவிடலாம். முடித்ததும் ஒரு நடை சுற்றி வாருங்கள். யார் முகம் வாடியிருக்கிறது, யார் தலையைக் கவிழ்த்திருக்கிறார் என்று அந்த நடையில் தெரியும். காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான், ஆறிலிருந்து எட்டு வரை படிக்கும் பிள்ளைகளில் வெறும் வயிற்றோடு வருபவர்கள் இருக்கிறார்கள். மூன்றாம் பீரியடில் எரிச்சலாகிப் பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுகிற பையனிடம் நான் முதலில் கேட்பது "காலைல சாப்பிட்டியாப்பா?" என்றுதான். மேஜை டிராயரில் ஒரு பாக்கெட் பிஸ்கட் எப்போதும் இருக்கும்.

போர்டுக்கு முகம் காட்டி நிற்கும் நேரம்

போர்டில் எழுதும்போது வகுப்புக்கு முதுகு காட்டுகிறீர்கள், அதோடு 38 பேரும் சும்மா இருக்கிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது. நீளமான கணக்கை முன்பே ஒரு சார்ட்டில் எழுதிக் கொண்டுபோய் மாட்டிவிடுவேன். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் பக்கவாட்டில் நின்று ஒவ்வொரு வரியாக எழுதுங்கள். ஒரு வரி நான், அடுத்த வரியை அவர்கள் நோட்டில் ஊகித்து எழுத வேண்டும், பிறகு நான் எழுதுவதோடு ஒப்பிட்டு டிக் போட வேண்டும். தப்பாக எழுதினால் அடித்துவிட்டுச் சரியாக எழுதலாம், திட்டு கிடையாது. காப்பி அடிப்பது கைக்கு மட்டும் வேலை. ஊகித்து எழுதுவதில் தலைக்கும் வேலை இருக்கிறது, பேச நேரம் இருக்காது.

எல்லோரும் பதில் சொல்ல வேண்டும், கோரஸாக அல்ல

"புரிஞ்சுதா?" "புரிஞ்சுது மிஸ்ஸ்ஸ்." இந்தக் கோரஸை நம்பி நான் இழந்த பீரியடுகள் ஏராளம். பத்துப் பேர் சொல்வார்கள், முப்பத்தெட்டுப் பேர் சொன்ன மாதிரி கேட்கும். கை தூக்கச் சொன்னாலும் அதே ஐந்து கைகள்தான். மீதிப் பேருக்கு அது விடுமுறை நேரம்.

நான் செய்தது இதுதான். பழைய காலண்டர் அட்டைகளைச் சேகரித்து, வெள்ளைத் தாள் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் கவர் போட்டு, ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். போர்டு மார்க்கரால் எழுதி, பழைய துணியால் துடைத்துக்கொள்ளலாம். சிலேட் கிடைத்தால் இன்னும் நல்லது. கேள்வி கேட்டதும் எல்லோரும் எழுத வேண்டும், நான் "காட்டு" என்று சொன்னால்தான் தூக்க வேண்டும். ஒரே பார்வையில் 38 பதிலும் தெரியும், ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. தப்பாக இருந்தாலும் மற்றப் பிள்ளைகள் கண்ணில் பெரிதாகப் படாது என்பதால் பயந்த பிள்ளைகளும் எழுதுகிறார்கள்.

பெயர் சொல்லிக் கேட்பதாக இருந்தால் கேள்வியை முதலில் கேளுங்கள், நிறுத்துங்கள், அதற்குப் பிறகு பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கு அந்தக் கேள்வி சம்பந்தமில்லாமல் போய்விடும். அந்த நிறுத்தம் முக்கியம். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு விநாடி அளவுதான் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் அளந்து காட்டினார். அதை மூன்று விநாடி ஆக்கினாலே பிள்ளைகளின் பதில் நீண்டது, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். மூன்று விநாடி வகுப்பின் முன் நிற்பவருக்கு மிக நீளமாகத் தெரியும். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பழகுங்கள்.

ஒரு வகுப்பை அப்படியே சொல்கிறேன். மூன்றில் ஒரு பங்கு பெரியதா, நான்கில் ஒரு பங்கு பெரியதா? போர்டில் இந்தக் கேள்வி மட்டும். "காட்டு" என்றதும் பாதிக்கு மேல் அட்டையில் நான்கில் ஒன்று. நாலு மூன்றைவிடப் பெரியது அல்லவா, அந்தக் கணக்கு. நான் சரி, தப்பு எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு நிமிடம் காரணம் சொல்லுங்கள் என்றேன். சத்தம் வந்தது. ஆனால் கூர்ந்து கேட்டால் எல்லாச் சத்தமும் "மூணு", "நாலு", "பங்கு" என்றே இருந்தது. இந்தச் சத்தத்துக்குப் பயப்படாதீர்கள், ஹெச்.எம். வாசலில் வந்து நின்றாலும் சரி.

அடுத்து, ஒரே நீளத்தில் நறுக்கிய பழைய செய்தித்தாள் பட்டைகள், ஜோடிக்கு இரண்டு. ஒன்றை நாலாகவும் ஒன்றை மூன்றாகவும் சமமாக மடிக்க வேண்டும். நாலாக மடிப்பது சுலபம், பாதி, மறுபடி பாதி. மூன்றாக மடிப்பதில்தான் எல்லோரும் சிக்கிக்கொண்டார்கள், ஒரு பக்கம் எப்போதும் துண்டாக நீட்டிக்கொண்டு நின்றது. வகுப்பு அமைதியாகிவிட்டது, யாரும் அமைதியாக இரு என்று சொல்லாமலே. கடைசி பெஞ்சில் ஒருவன், தினமும் போர்டில் முதல் பெயராக வருபவன், பட்டையைப் பாம்பு மாதிரி வளைத்து, மூன்று அடுக்காகப் பிடித்து, ஓரங்கள் ஒன்றாகும் வரை விரலால் மெல்ல நகர்த்தி, பிறகு அழுத்தினான். சரியாக வந்தது. "எப்படிடா?" என்று முன்பெஞ்சு திரும்பிப் பார்த்தது. அவனை எழுப்பி ஒவ்வொரு ஜோடியாகப் போய்க் காட்டச் சொன்னேன். பத்து நிமிடம் அவன் வகுப்பைச் சுற்றி வந்தான். திரும்பி வந்து அவனே சொன்னான், "மூணு பேருக்குப் பங்கு போட்டா நாலு பேருக்குப் போடறதவிட ஒவ்வொருத்தருக்கும் நெறைய வரும் மிஸ்." நான் போர்டில் எழுத வைத்திருந்த விதியை எழுதவே இல்லை. அவன் சொன்ன வாக்கியத்தையே எழுதினேன், எல்லோரும் நோட்டில் எடுத்துக்கொண்டார்கள்.

தினமும் இப்படி ஒரு வகுப்பு அமையாது. வாரத்துக்கு இரண்டு பீரியட் கைக்கு வேலை இருக்கும்படி திட்டமிட்டால் போதும், மற்ற நாட்களை அந்த அட்டை பார்த்துக்கொள்ளும்.

பொருளைக் கொடுப்பதற்கு முன் சொல்லி முடியுங்கள்

பட்டையைக் கையில் கொடுத்துவிட்டு விளக்கம் சொன்னால் யார் காதிலும் விழாது, அதற்குள் அது விசிறியாகவோ ராக்கெட்டாகவோ ஆகியிருக்கும். என்ன செய்ய வேண்டும், எத்தனை நிமிடம், முடித்ததும் என்ன, இந்த மூன்றையும் முதலில் சொல்லுங்கள், ஒருவரைத் திரும்பச் சொல்ல வைத்துக் கேளுங்கள், பிறகு கொடுங்கள். நோட்டு வாங்குவது, கொடுப்பது எல்லாம் வரிசைக்கு ஒருவர் வழியாக நடக்கட்டும். நீங்கள் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் கொடுத்தால் ஐந்து நிமிடம் போகும், அந்த ஐந்து நிமிடத்தில் அவர்கள் வேறு வேலை தேடிக்கொள்வார்கள்.

சீக்கிரம் முடித்தவர்களுக்கு "சும்மா உட்கார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு பழைய ஸ்வீட் பெட்டியில் கணக்குச் சீட்டுகள் போட்டு வைத்திருக்கிறேன், எழுந்து வந்து ஒன்று எடுத்துக்கொள்ளலாம். எப்போதும் அவர்களையே மற்றவர்களுக்குச் சொல்லித்தர அனுப்புவதும் சரியில்லை, அவர்களும் படிக்கத்தான் வந்திருக்கிறார்கள்.

புரியாதவன்தான் அதிகம் சேட்டை செய்வான்

இதை நான் தெரிந்துகொள்ள ஐந்து வருஷம் ஆனது, நீங்கள் இன்றே தெரிந்துகொள்ளுங்கள். ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பையனுக்குக் கேள்வியைப் படிக்கவே வரவில்லை என்றால், அது வெளியே தெரியாமல் இருக்க அவன் என்ன வேண்டுமானாலும் செய்வான். பென்சிலைக் கீழே போடுவான், ஒன்னுக்குப் போகணும் என்பான், முன்னால் இருப்பவளின் ரிப்பனை இழுப்பான். படிப்பு வராதவன் என்று பெயர் வாங்குவதைவிட வம்புக்காரன் என்று பெயர் வாங்குவது அவனுக்குக் கௌரவம். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் நம் மாநிலத்தில் ஒன்று முதல் எட்டு வரைக்கும் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. எழுத்துக் கூட்டிப் பழக வேண்டிய வயதை அந்த இடைவெளியில் கழித்த பிள்ளைகள் மேல் வகுப்புகளுக்கு வந்துவிட்டார்கள். அது அவர்கள் தப்பு இல்லை.

எனவே சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து நாலு வரி படிக்கச் சொல்லிக் கேளுங்கள். இடைவேளையில், மேஜை அருகில், வேறு யார் காதிலும் விழாதபடி. யாருக்குப் படிக்க வரவில்லை என்று உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும். அவர்களுக்கு அதே கணக்கைக் குறைந்த சொற்களில், படத்தோடு கொடுங்கள். கேள்வியை ஒருமுறை சத்தமாகப் படித்துவிட்டுத் தொடங்குவதை வகுப்பு முழுவதற்குமான வழக்கமாக்கிவிட்டால் யாரையும் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. கணக்கு வரும், படிக்கத்தான் வராது என்ற பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். மாலையில் அம்மாவோடு காய்கறிக் கடையில் நின்று மனக்கணக்கில் சில்லறை கொடுக்கும் பெண், புத்தகத்தில் அதே கணக்கைப் பார்த்து விழிப்பதைப் பார்த்திருக்கிறேன். வாரம் ஒருமுறை, அவர்களுக்கு நிச்சயம் பதில் தெரிந்த ஒரு கேள்வியை எல்லோர் முன்னாலும் கேளுங்கள். பொய்ப் பாராட்டு வேண்டாம், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அப்படியும் தொடங்கிவிட்டால்

பாடத்தை நிறுத்தாதீர்கள். பேசிக்கொண்டே அந்த பெஞ்சுப் பக்கம் நடந்து போய் நில்லுங்கள். அநேகமாக இதிலேயே அடங்கிவிடும். அடங்காவிட்டால் நோட்டில் அவன் விட்ட வரியை விரலால் தொட்டுக் காட்டுங்கள், ஒரு வார்த்தையும் வேண்டாம். இருவர் பேசியதற்காக ஐந்து நிமிடம் அறிவுரை சொன்னால், ஒழுங்காகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த 36 பேரின் வேலையை நிறுத்தியது நீங்கள்தான். போர்டில் பெயர் எழுதும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். லீடருக்குப் பிடிக்காதவன் பெயர்தான் அதில் முதலில் வருகிறது, பெயர் வந்தவனும் ஒரு வாரத்தில் அதற்குப் பழகிவிடுகிறான். வெளியே நிறுத்துவதும் அதே கதைதான். ஏற்கெனவே பாடம் புரியாததால் பேசினவன், வெளியே நின்று மிச்சப் பாடத்தையும் விட்டுவிட்டு வருவான்.

கைகலப்பு என்றால் முதலில் பிரித்து, தூரமாக உட்கார வையுங்கள், விசாரணை பிறகு. மற்ற எதுவானாலும் அன்றைக்கே, தனியாக, குழாயடியிலோ வராண்டாவிலோ இரண்டு நிமிடம் பேசுங்கள். "ஏன்டா அப்படிப் பண்ணினே" என்று கேட்டால் தலை குனிவான், பதில் வராது. "எந்த இடத்துல புரியாம போச்சு?" என்று கேளுங்கள். சில நேரம் பாடம் பற்றி எதுவும் வராது, வீட்டில் நடந்தது வரும். நேற்று இரவு அப்பா குடித்துவிட்டு வந்தார், தூங்கவில்லை. அப்போது கணக்கை விட்டுவிடுங்கள். அடி, கொடுமை என்று ஏதாவது தெரிந்தால் ஹெச்.எம்.மிடம் சொல்லிவிட்டு, குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைக்கத் தயங்காதீர்கள்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகான பீரியடில் புதிய பாடம் வேண்டாம். எழுந்து நடந்து செய்யும் வேலை எதையாவது வையுங்கள், ஸ்கேலும் நூலும் கொடுத்துக் கதவு, ஜன்னல், மேஜை என்று சுற்றளவு அளந்து வரச் சொன்னால் போதும். வேறொருவருக்குப் பதிலாக வகுப்புக்குப் போக நேர்ந்தாலும் வெறும் கையோடு போகாதீர்கள், அந்த ஸ்வீட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போங்கள்.

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது விளக்குவதை நிறுத்திவிடுங்கள். கால் தாள், அதில் இன்று நடத்தியதிலிருந்து ஒரே ஒரு கணக்கு, பெயர் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆசிரியர் அறையில் டீ குடிக்கும்போது மூன்று அடுக்காகப் பிரித்துவிடலாம்: சரியாகப் போட்டவை, பாதி வந்தவை, வராதவை. மார்க் போட வேண்டாம், திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம். பாதி வந்தவற்றில் அதிகம் பேர் எந்த இடத்தில் தடுக்கியிருக்கிறார்கள் என்று பார்த்து, அதையே இன்னும் கொஞ்சம் சுலபமாக்கி ஒரு கணக்கு எழுதிக்கொள்ளுங்கள். நாளைக் காலை போர்டு மூலையில் எழுத வேண்டியது அதுதான்.